எந்த வழியில் ஏற்றுவது?

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் சிப்காட்டைச் சுற்றி டை, மோல்ட் செய்யும் பட்டறைகள் உண்டு. அவற்றின் டிசைன் கம்ப்யூட்டர்கள்தான் என் கைக்கு அதிகம் வருகின்றன. "அண்ணா, ஓவர்கிளாக் பண்ணிக் குடுங்க" என்று கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த வேலையில் கம்ப்யூட்டர் உங்களைக் காக்க வைக்கிறது? அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் வழியை முடிவு செய்வேன்.

பேஸ் கிளாக்கை மல்டிப்ளையரால் பெருக்கினால் வருவது பிராசசரின் வேகம். பேஸ் கிளாக்கை ஏற்றுவது பழைய வழி. 1998-இல் வந்த செலரான் 300ஏ-வின் பேஸ் கிளாக்கான பஸ்ஸை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். மல்டிப்ளையர் பூட்டியிருந்ததால் வேறு வழியும் கிடையாது. என்ன அருமையான சிப் அது! 2011-இன் சாண்டி பிரிட்ஜில் பிசிஐ எக்ஸ்பிரஸும் சாட்டாவும் அதே கிளாக்கோடு கட்டுண்டிருந்ததால் கொஞ்சம் ஏற்றினாலே தகராறு. பிழைப்புக்கான கம்ப்யூட்டரில் இதை நான் தொடுவதில்லை.

மல்டிப்ளையரை உயர்த்தி வோல்டேஜை நிலையாக வைப்பது, எல்லாக் கோரும் மணிக்கணக்கில் ரெண்டர் செய்யும் இடத்துக்குப் பொருந்தும். மாடலிங்கில் பெரும்பாலும் ஒரு கோர்தான் உழைக்கிறது. ரைசன் 5 5600எக்ஸ் தானாகவே ஒரு கோரை 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும். எல்லாக் கோரையும் 4.4-இல் நிறுத்தினால் மாடலிங் செய்கிறவருக்கு நஷ்டம்தான். சூடும் ஏறும்: வேகம் அப்படியே இருக்க, வோல்டேஜ் 1.2-இலிருந்து 1.3 ஆனாலே மின்திறன் சுமார் 17 சதவீதம் கூடிவிடும். ஓசூர் குளிர்ந்த ஊர்தான். ஆனால் சுமார் 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. விசிறி தள்ளும் காற்றின் எடையும் அந்த அளவு குறையும். ஹீட்சிங்கில் அடையும் பட்டறைத் தூசி வேறு.

அதனால் ரைசன் 5000 வரிசைக்கு நான் தேர்ந்தெடுப்பது கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் தனித்தனியாக, 30 படிவரை இறக்கலாம். ஒரு படி சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். சூடு குறையக் குறைய, சிப் தானே உயர்ந்த வேகத்தில் கூடுதல் நேரம் நிற்கும். சிறந்த கோருக்குத்தான் பெரும்பாலும் குறைவாக இறக்க முடியும். அது ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் ஓடுகிறது.

முழுச் சுமையில் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தது என்று நம்பிவிடக் கூடாது. லேசான வேலையில்தான் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். இறக்கிய வோல்டேஜ் அங்கேதான் போதாமல் போகும், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்ளர் என்ற சோதனை மென்பொருளில் ஒவ்வொரு கோராக ராத்திரி முழுக்க ஓட்டுவேன். பிறகு பகலில் சும்மா விட்டு, இடையிடையே பட்டறையின் பெரிய மாடலைத் திறந்து மூடுவேன். அதிலும் தேறினால், ஒவ்வொரு கோரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி கேபினட்டுக்குள் ஒட்டிக் கொடுப்பேன். பயாஸ் அப்டேட் செய்தால் அந்த எண்கள் அழிந்துபோகும்.