காரில் எழுதியிருந்த இரண்டு பெயர்கள்

மோட்டார் வாகனங்களுக்கும் எனக்குமுள்ள உறவு பேருந்தின் சன்னலோர இருக்கையோடு முடிந்துவிடும். காலையில் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணம். மாலையில் மீண்டும் பிள்ளைகள். இடையில் கிடைக்கும் நேரத்தில் ஏதேனுமொரு வரலாற்று நூல். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. ஆகவே கார்களைப் பற்றி நான் எழுதப் புகுந்திருப்பதைக் கண்டு என்னை அறிந்தவர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். எழுதவைத்தவன் என் தம்பி.

தம்பிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பட்டறை இருக்கிறது. ஷஃபான் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து அந்தப் பக்கமாகச் சென்றேன். புளியமரத்தில் மோதி முகப்பு நசுங்கிய பழைய ஸ்கோடா கார் ஒன்று டிங்கரிங் வேலைக்காக நின்றிருந்தது. தம்பி கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே, காரின் பக்கவாட்டில் பதித்திருந்த சிறிய எழுத்துகளைக் காட்டினான்.

"அண்ணே, கம்பெனி பேரு ஸ்கோடா. இங்க 'லாரின் அண்ட் கிளெமென்ட்'னு போட்டிருக்கே, யாருண்ணே இவங்க ரெண்டு பேரும்?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். தம்பி என்னிடம் எதையும் கேட்பவன் அல்லன். பணமும் கேட்டதில்லை, யோசனையும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றுக்காவது பதில் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. நூலகத்திலும், பிறகு மகனின் கைப்பேசியிலுமாகச் சில இரவுகள் தேடினேன். தேடியதில் கார் கிடைத்தது. கூடவே நான் முப்பது ஆண்டுகளாக மறைத்துவைத்திருந்த ஒரு கடிதமும் நினைவில் எழுந்து வந்தது.

இன்றைய செக் குடியரசின் பொஹீமியப் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. மக்கள் பேசியது செக் மொழி. வணிகத்திலும் அலுவலகங்களிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது ஜெர்மன். அங்கே ம்லாடா போலஸ்லாவ் என்னும் ஊரில் வாக்லாவ் கிளெமென்ட் என்பவர் புத்தகக் கடை வைத்திருந்தார். 1868-இல் பிறந்தவர். அவர் வாங்கிய ஜெர்மன் மிதிவண்டி பழுதுபட்டது. அதைச் சரிசெய்து தரும்படி அந்த நிறுவனத்தின் கிளைக்குத் தம் தாய்மொழியாகிய செக் மொழியில் கடிதம் எழுதினார். பழுது பார்ப்பதைப் பற்றிப் பதிலில் ஒரு சொல்லும் இல்லை. பதில் வேண்டுமானால் எங்களுக்குப் புரியும் மொழியில் எழுதவும் என்ற கருத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு மறுமொழி வந்தது.

கிளெமென்ட் ஜெர்மன் மொழியில் மறுபடி எழுதவில்லை. அதே ஊரில் வாக்லாவ் லாரின் என்றொரு மெக்கானிக் இருந்தார். கிளெமென்டைவிட மூன்று வயது மூத்தவர். எழுத்து அறிந்தவரும் இரும்பு அறிந்தவரும் கூட்டுச் சேர்ந்து 1895-இல் சிறிய பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். மிதிவண்டி பழுது பார்த்தார்கள். பிறகு தாங்களே மிதிவண்டி செய்து அதற்கு 'ஸ்லாவியா' என்று பெயரிட்டார்கள். 1899-இல் மோட்டார் சைக்கிள். 1905-இல் 'வாய்துரெட் ஏ' என்னும் முதல் கார். இரண்டு சிலிண்டர், ஏழு குதிரைத் திறன். நிறுவனத்தின் பெயர் 'லாரின் அண்ட் கிளெமென்ட்'. கடிதம் எழுதி அவமானப்பட்டவர் கிளெமென்ட். பலகையில் முதலில் நின்றதோ மெக்கானிக்கின் பெயர். இந்த வரிசை என் மனத்தில் தைத்துக்கொண்டது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் ஸ்கோடா என்பவர் யார்? எமில் ஸ்கோடா என்ற பொறியாளர் 1869-இல் பில்சன் நகரத்தில் ஒரு தொழிற்சாலையை விலைக்கு வாங்கிப் பெருக்கினார். பீரங்கி, நீராவி எந்திரம், பாலம் என்று கனரகப் பொருள்கள் செய்த தொழிற்சாலை அது. அவர் 1900-இல் இறந்துபோனார். 1924-இல் லாரின்-கிளெமென்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்துப் பெருஞ்சேதம் நேர்ந்தது. தனித்து நிற்க முதல் போதாத நிலையில், 1925-இல் அந்நிறுவனம் பில்சனின் ஸ்கோடா நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. இருவருடைய பெயரும் படிப்படியாக மறைந்து, ஒரு காரையும் செய்தறியாத மனிதரின் பெயர் உலகெங்கும் கார்களின்மேல் ஓடத் தொடங்கியது. 'ஸ்கோடா' என்ற சொல்லுக்குச் செக் மொழியில் நட்டம், சேதம் என்று பொருளுண்டு. இதைச் சொன்னபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்து வந்த கார்களைப் பற்றி நான் குறிப்பெடுத்துக்கொண்டு போய்த் தம்பியிடம் படித்துக் காட்டினேன். பாதி சொற்கள் எனக்கு விளங்கவில்லை, அவனுக்கு விளங்கின. 1926-இல் ஹிஸ்பானோ-சுய்சா உரிமத்தில் செய்த ஆடம்பரக் காரின் முதல் வண்டி ஜனாதிபதி மசாரிக்குக்குப் போயிற்று என்றேன். "பெரிய எடத்து வண்டி" என்று அசட்டையாகத் தலையாட்டினான். 1934-இல் வந்த 'பாப்புலர்' என்ற சிறிய காரைச் சொன்னபோதுதான் காதைத் தீட்டிக்கொண்டான். வழக்கமான ஏணிச் சட்டத்துக்குப் பதிலாக நடுவில் ஒற்றைக் குழாயை முதுகெலும்புபோல ஓடவிட்டிருந்தார்கள் என்று வாசித்தேன். தம்பி சாக்குக்கட்டியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் படம் வரைந்தான். ஏணிச் சட்டத்தை இரு முனையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் அது வளைந்து கொடுக்கும். குழாயை அப்படித் திருகுவது கடினம். அதனால் இரும்பு குறையும், எடை குறையும், பெட்ரோலும் குறையும் என்று விளக்கினான். சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்கினால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது மற்றது அசையாமல் தன் வேலையைப் பார்க்கும் என்றான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் நடத்துகிறேன்; இவ்வளவு தெளிவாக ஓர் இலக்கண விதியை நான் விளக்கியதுண்டா என்பது ஐயமே.

அந்தப் பாப்புலர் கார்கள் சில 1934-லேயே பிராகாவிலிருந்து சாலை வழியாகக் கல்கத்தா வரை வந்திருக்கின்றன. 1936-இல் 'ராப்பிட்' என்ற காரில் இருவர் உலகைச் சுற்றினார்கள். கடல்மீது கப்பலில் போன நாள்களும் சேர்த்து 97 நாள்கள். லாரின் 1930-லும், கிளெமென்ட் 1938-லும் மறைந்தார்கள். மறு ஆண்டே நாட்டை நாஜிப் படைகள் கைப்பற்றின. கார்த் தொழிற்சாலை போர்த் தளவாடங்களுக்குத் திருப்பப்பட்டது. 1945 மே மாதத்தில், போர் முடிகின்ற நாள்களில், குண்டுவீச்சில் சிதைந்தது.

போருக்குப் பிறகு தொழிற்சாலை அரசுடைமையாயிற்று. 1946-இல் வந்த 1101 வகைக்கு மக்கள் 'டியூடர்' என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தின் அரச குடும்பத்தை எண்ணி ஏமாந்தேன். இரண்டு கதவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் ஒலிதான் அது! 1959-இல் 'ஒக்டாவியா' வந்தது. லத்தீனில் எட்டாமவள் என்று பொருள்படும் பெயர். 1964-இல் '1000 எம்.பி.' வந்தது. எம்.பி. என்பது ம்லாடா போலஸ்லாவ் ஊரின் முதலெழுத்துகள். எஞ்சினைப் பின்னால் வைத்து, அதன் உடலை அலுமினிய வார்ப்பில் செய்திருந்தார்கள். ஊர்க்காரர்களோ அந்த எழுத்துகளை 'ஆயிரம் சின்ன வலிகள்' என்று தங்கள் மொழியில் விரித்துக் கேலி பேசினார்கள். பின்னாளில் மேற்கு ஐரோப்பாவிலும் இந்தப் பின்எஞ்சின் கார்களைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகள் ஏராளமாக உலவின. ஆனால் அதே மரபில் பிறந்த '130 ஆர்.எஸ்.' என்ற பந்தயக் கார், 1977-இல் மாண்டி கார்லோ பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. 1987-இல் 'ஃபேவரிட்' வந்தபோதுதான் எஞ்சின் முன்னுக்கு மாறி, முன்சக்கரங்கள் இழுக்கும் முறை வந்தது. கம்யூனிச ஆட்சி 1989-இல் சரிந்தது. 1991-இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பங்காளியாகி, 2000-இல் முழு உரிமையும் பெற்றது.

ஜெர்மன் மொழியில் எழுதச் சொன்னதற்காகத் தொடங்கிய தொழில் இறுதியில் ஜெர்மன்காரர் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஆயினும், தொழிற்சாலை ம்லாடா போலஸ்லாவ் ஊரிலேயே நிற்கிறது. உயர்ந்த வகைக் கார்களுக்கு, மறக்கப்பட்டிருந்த அவ்விருவரின் பெயரையும் மீண்டும் சூட்டியிருக்கிறார்கள். 2001-இல் இந்தியாவுக்கும் ஸ்கோடா வந்தது. அப்படி வந்த பெயர்தான் புளியமரத்தில் மோதி என் தம்பியின் பட்டறையில் நின்றது.

இனி என் கடிதம்.

அத்தா காலமானபோது நான் கல்லூரியில் முதலாண்டு; தம்பி ஒன்பதாம் வகுப்பு. அத்தா வேலை பார்த்த வெளியூர் நிறுவனத்திலிருந்து ஒரு தொகை வரவேண்டியிருந்தது. மூத்த மகன் என்ற முறையில் நான் அழகிய தமிழில், இலக்கணப் பிழையின்றி, இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். இரண்டே வரியில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் அனுப்பினால்தான் கவனிக்க இயலும் என்றது அது.

கிளெமென்ட் கோபம்கொண்டு பட்டறை தொடங்கினார். நான் வெட்கம்கொண்டு அந்தக் கடிதத்தை ஒரு புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். கல்லூரி மாணவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத வராதா என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம். பேராசிரியரிடம் போய் நின்றால் ஐந்து நிமிட வேலை. அம்மாவிடம் "பதில் வரவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் கழிந்தது. அந்த ஆறு மாதத்தில்தான் தம்பி பள்ளியை விட்டு ஒரு மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அவன் வாரக் கூலியில் என் கல்லூரிக் கட்டணமும் போயிற்று. பிறகு ஒரு நண்பனின் துணையோடு ஆங்கிலத்தில் எழுதியனுப்பினேன். இரண்டு மாதத்தில் பணம் வந்தது. அதற்குள் தம்பியின் விரல்நகங்களில் கிரீஸ் ஏறிவிட்டது.

இதை இத்தனை ஆண்டுகளில் நான் எவரிடமும் சொன்னதில்லை. கிளெமென்டின் கடிதத்தைத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மாலையில், என் கடிதத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த சாக்குக்கட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி சற்றுநேரம் பேசவில்லை. ஸ்பேனர்களை அளவுவாரியாக எடுத்து வைத்தான். பிறகு, "நான் அந்த வருஷம் எப்படியும் பெயிலாத்தான் ஆகியிருப்பேண்ணே. கணக்குல பதினெட்டு மார்க்கு. அத்தா இருந்தா தோலை உரிச்சிருப்பாரு" என்றான்.

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பையன் தேநீர் கொண்டுவந்தான், குடித்தோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் தம்பி இந்த இடத்தைப் பிடித்தபோது என் சேமிப்பிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்திருந்தேன். என் பங்கு அவ்வளவே. ஆனால் பட்டறைப் பலகையில் அண்ணன் பெயர் முன்னாலும் தம்பி பெயர் பின்னாலுமாக எழுதிவைத்திருக்கிறான். ஒரு நட்டையும் திருகத் தெரியாதவன் பெயர் முதலில் எதற்கு என்று அப்போதே கேட்டேன். "மூத்தவங்க பேரு முன்னால இருக்கணும்ல" என்று முடித்துவிட்டான்.

அன்று கிளம்பும்போது, "லாரின் மெக்கானிக், கிளெமென்ட் புத்தகக் கடைக்காரர். பலகையில் யார் பேர் முதலில் இருந்தது பார்த்தாயா?" என்றேன்.

"அந்த லாரின்தான மூணு வயசு மூத்தவருன்னு சொன்னீங்க?" என்றான் தம்பி. வாதத்தில் நான் தோற்றுப்போனேன்.

கார் பெயிண்ட் முடிந்து மறுவாரம் போய்விட்டது. நான் தம்பியிடம் சொல்லாமல் கடைத்தெருப் பெயிண்டரைப் பார்த்து, பெயர்களை இடம் மாற்றி எழுத முன்பணமும் கொடுத்துவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும், வருகிறேன் என்றிருக்கிறார்.