சின்ன எழுத்துக் கணக்கு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளைக் கடந்து, குறுகலான சந்து ஒன்றில் திரும்பினால், கம்ப்யூட்டர்களைப் பாகம் பாகமாகப் பொருத்திக் கொடுக்கும் சிறு கடையொன்று இருக்கிறது. அதை நடத்துகிறவர் கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் செய்கிற விசாரணையே இந்தத் தொழிலின் ஜீவன் என்பதை அவருடைய மேஜையருகே அமர்ந்திருந்த ஒரு பிற்பகலில் நேரில் கண்டேன்.

கல்லூரி மாணவன் ஒருவன், நண்பனிடம் வாங்கிய பழைய பி450 மதர்போர்டையும், பவர் சப்ளை ஒன்றையும், வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியலையும் கொண்டுவந்திருந்தான். ரைசன் 5 5600 பிராசஸர் அந்தப் போர்டின் ஏ.எம்.4 சாக்கெட்டில் ஒழுங்காக உட்காருமென்றாலும், போர்டிலுள்ள பயாஸ் மென்பொருள் பழையதாயிருந்தால் திரையில் ஒன்றுமே தோன்றாது. அதைப் புதுப்பிப்பதற்கென்றே பழைய பிராசஸர் ஒன்றை அவர் கடையில் வைத்திருக்கிறார். பட்டியலிலிருந்த டி.டி.ஆர்.5 ராமோ அந்தப் போர்டில் ஏறவே ஏறாது. டி.டி.ஆர்.4 ராமையும் அதையும் அருகருகே வைத்துக் காட்டினார்: இரண்டிலும் 288 பின்கள், நடுவிலுள்ள வெட்டு மட்டும் சற்றே இடம் மாறியிருந்தது.

அவருடைய சிரத்தை முழுவதும் எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை மீதுதான்.

"500 வாட் போதாதா, சேட்டா?" என்றான் பையன்.

"பெரிய எழுத்தை விடு மோனே, கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படி" என்றார் அவர்.

அவன் கொண்டுவந்த மலிவான சப்ளையின் ஸ்டிக்கரில், 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. பெருக்கினால் 216 வாட். பிராசஸர் முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கும், பட்டியலிலிருந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கிராஃபிக்ஸ் கார்டு 170 வாட் கேட்கும். இரண்டும் பிரதானமாய் நம்பியிருப்பது அந்த 12 வோல்ட்டையே என்பதால், 246 வாட் கேட்கிற இடத்தில் 216 வாட் எந்த மூலைக்கு? மூட்டைமேல் எழுதியதை நம்பாமல் மிளகைக் கையில் அள்ளிப் பார்க்கும் வியாபாரிகளின் ஊரில் இந்தப் பரிசோதனை இருப்பது எனக்கு மிகவும் உசிதமாகப் பட்டது.

அந்தச் சப்ளையின் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்து, விசிறி சுழன்றதும், மஞ்சள் கம்பியில் மல்டிமீட்டரை வைத்தார். 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது நியமம். இதுவும் அதற்குள்தான் காட்டியது. ஆயினும் பாரமேற்றாத நிலையில் எடுத்த அளவு, சப்ளை சாகவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி என்று அவர் சொன்னதை மாணவன் மட்டுமன்றி நானும் கவனமாகக் கேட்டேன். கழற்றி மாட்டும் கேபிள்களை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக்கூடாது என்றும் எச்சரித்தார்: சப்ளைப் பக்கத்து முனைக்குப் பொது நியமம் கிடையாது, கச்சிதமாகப் பொருந்திய கேபிளே 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட்டைச் செலுத்தி ஹார்டு டிஸ்கைக் கருக்கிவிடும்.

டி.டி.ஆர்.5-க்குப் பதிலாக டி.டி.ஆர்.4 போட்டதில் அன்றைய விலையில் மிஞ்சிய பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, 550 வாட்டில் நல்ல சப்ளையொன்றைப் பட்டியலில் எழுதினார்கள். வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துச் சொல்லும்படி பையனை அனுப்பிவிட்டு, பயாஸைப் புதுப்பிக்கப் போர்டைக் கையில் எடுத்தார்.