ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானபோது, வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்போ பிள்ளை என்னதான் சாப்பிடுறது?" கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இந்த நோய்க்காரர்களின் சிறுகுடலுக்குள் போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலின் உட்சுவரைத் தாக்கும். குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் அவளுக்கு ரத்தசோகை தீராமல் இருந்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது. ஆயுளுக்கும் குளூட்டனை விலக்குவதுதான் இதற்கு வைத்தியம்.

கோதுமைதான் காரணம் என்று கண்டவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு வந்த காலம் அதை வலுப்படுத்தியது. 1950இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். ரொட்டியே சாப்பாடாக இருக்கும் ஊரில் அதை எடுத்துவிட்டால் தட்டு காலியாகிவிடும். நம் தட்டு அப்படியில்லை. சோறு, பருப்பு, காய், மோர் எதிலும் குளூட்டன் கிடையாது. இட்லியையே பாருங்கள். ரொட்டி உப்புவதற்குக் காற்றைப் பிடித்துவைப்பது குளூட்டன். இட்லி மாவில் அந்த வேலையைச் செய்வது உளுந்தின் வழுவழுப்பு.

கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் இழுவை இல்லாததால் கேழ்வரகு மாவைச் சப்பாத்தி போலத் தேய்த்தால் விண்டுபோகும். மாவில் உப்புப் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறி மூடிவைத்துவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டினால் ஓரம் விரியாமல் வரும். கல்லில் போட்டதும் கீரை மணம் கூடம் வரை வரும். என் மகள் தட்டுடன் அடுப்படிக்கே வந்து நிற்பாள். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டு விற்கும் பிஸ்கட்டுகளை வாங்கிப் பார்த்தோம். விலை அதிகம், மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் மிகுதி. வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கவனம் வேண்டியது சின்னச் சின்ன இடங்களில்தான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை விழுகிறதே! கட்டியாக இருந்தாலும் டப்பாவில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். மாவு மில்லில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு நம் பையிலும் இறங்கிவிடும். அரிசிக்குத் தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துப் போகிறேன். கம்பை முறத்தில் கொட்டினால் இடையில் கோதுமை மணி கிடக்கும், பொறுக்கிவிட்டுத்தான் கழுவுவேன். ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லில் ஊற்றிய தோசையும் அவளுக்கு ஆகாது.

விசேஷ வீடுகள்தான் சிரமம். "ஒரே ஒரு பூரிதானே கண்ணு, என்ன ஆயிடப்போகுது?" என்று அவளுடைய பெரியம்மா பாசத்தோடுதான் வைப்பார். பாசம் உண்மைதான், ஆனால் ஒரு பூரியும் குடலைப் புண்ணாக்கும். அன்று வயிறு வலிக்காவிட்டாலும் உள்ளே கெடுதல் நடந்திருக்கும். அந்த இடத்தில் குழந்தையை முந்திக்கொண்டு பெரியவர்கள்தான் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும்.

2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், வடக்கே நூறு பேரில் ஒருவருக்கும் சற்று மேலாக இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு. இங்கே அபூர்வம் என்பதாலேயே யாருக்கும் சட்டென்று சந்தேகம் வருவதில்லை. இப்போது காலையில் ரவை, மாலையில் பரோட்டா, ராத்திரி சப்பாத்தி என்று நாமும் கோதுமைக்கு மாறிவருகிறோம். தீராத வயிற்றுப்போக்கு, உப்புசம், காரணம் தெரியாத ரத்தசோகை, வளர்த்தி குறைவு இருந்தால் மருத்துவரிடம் சீலியாக் பற்றிக் கேளுங்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்வார்கள். அதற்கு முன்பே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போய்விடலாம்.