பட்டம் விடப் போகிறேன்

"படித்துப் பட்டம் வாங்கு என்று அனுப்பினால், பட்டம் விடப் போகிறேன் என்கிறாயே!" என்றார் அம்மா. கைட் ஃபோயிலிங் பற்றி எங்கள் வீட்டில் நடந்த முதல் உரையாடல் இதுதான். அம்மாவுக்குக் கடல் பயம். அப்பாவுக்குச் செலவு பயம். இரண்டிலும் நியாயம் உண்டு.

2024 ஆகஸ்ட் 9, சிங்கப்பூரின் தேசிய தினம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 17 வயது மெக்ஸிமிலியன் மேடர் இந்த விளையாட்டில் வெண்கலம் வென்றபோதுதான் நம்மில் பலர் இதன் பெயரையே கேள்விப்பட்டோம். பலகையின் அடியில் ஒரு தண்டு. தண்டின் நுனியில், நீருக்குள், சிறு விமானம் போன்ற இறக்கைகள். பட்டம் இழுக்க, வேகம் கூட, இறக்கை நம்மைப் பலகையோடு நீருக்கு மேலே தூக்கிவிடும்.

குவாந்தான் பாலோக் கடற்கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சாதாரணப் பலகையில் பட்டம் ஓட்டப் பழகியிருந்தேன். அதில்லாமல் இதில் இறங்கக்கூடாது. அடுத்து ஃபோயில் வாங்க வேண்டும். பகுதிநேர வேலையில் சேர்த்தது 3,000 ரிங்கிட். அதே விலைக்கு ஒருவர் தம் பழைய பந்தய ஃபோயிலைத் தருவதாகச் சொன்னார். கார்பன் தண்டு, ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், கத்தி போன்ற மெல்லிய இறக்கை. பார்க்கப் பார்க்க ஆசை!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இறக்கையின் தூக்குவிசை அதன் பரப்பளவைப் பொறுத்தது. வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. சிறிய இறக்கை தூக்க வேண்டுமானால் நான் பறந்தாக வேண்டும். விழுந்தால் அந்த வேகத்திலேயே விழ வேண்டும். அகன்ற, தடித்த இறக்கையோ மெதுவாகப் போகும்போதே தூக்கும். எனவே அலுமினியத் தண்டும் அகன்ற இறக்கையும் கொண்ட பழைய செட் ஒன்றை, நீரில் நன்றாக மிதக்கும் பெரிய பலகையோடு வாங்கினேன். தண்டு 60 சென்டிமீட்டர்தான். மிச்சப் பணத்தில் தலைக்கவசமும் மார்புக்கவச உடுப்பும். கரையில் சிலர் சிரித்தார்கள்.

பயிற்சி தந்த மலாய்க்கார அண்ணன் முதலில் மேலே எழவே விடவில்லை. முன்காலில் எடையை அழுத்தி, பலகை நீரைவிட்டு எழாமல் ஓட்டச் சொன்னார். பின்காலில் சாய்ந்தால் பலகை குதிரைபோல் எகிறும். அந்த இறக்கை நம் காலருகில்தான் இருக்கும். விழும்போது பலகையைவிட்டுத் தள்ளி விழ வேண்டும் என்பதையே அவர் நாள் முழுக்கச் சொன்னார். குட்டைத் தண்டின் அருமை அங்கேதான் தெரிந்தது: விழும் உயரம் குறைவு, இடுப்பளவு நீரிலேயே பழகலாம்.

ஐந்தாவது வார இறுதியில், பலகையில் நீர் அடிக்கும் சத்தம் திடீரென நின்றது. குனிந்து பார்த்தேன், என் நிழல் தனியே நீரில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து விநாடி இருக்கலாம். அதற்குள் விழுந்துவிட்டேன்.

இப்போது 75 சென்டிமீட்டர் தண்டுக்கு மாறியிருக்கிறேன், இறக்கை அதேதான். பழைய தண்டு என் விடுதி அறையில் சும்மா கிடக்கிறது. பட்டம் ஓட்டத் தெரிந்த தம்பி தங்கைகள் கேட்டால் இரவல் தருவேன். தலைக்கவசம் மட்டும் நீங்களே கொண்டு வரவேண்டும்.