ஆவுளியாவைத் தேடி

கண்மாயும் ஊருணியுமே பொன்னமராவதியில் பிறந்து வளர்ந்த நமக்குப் பழகிய நீர்நிலைகள். புதுக்கோட்டை மாவட்டத்திற்குக் கடற்கரை உண்டு என்பதைப் பாடநூலில் படித்ததோடு சரி. நெய்தல் திணையைப் பல்லாண்டு வகுப்பில் நடத்தி ஓய்வு பெற்ற பின்னரும், சுறாவும் திமிலும் நமக்கு வெறுஞ்சொற்களாகவே இருந்தன. அக்குறை தீர ஒருநாள் வாய்த்தது. கடல்வாழ் உயிர்களை ஆராயும் இளைஞர் மூவர், பாக் விரிகுடாவிற்குத் தம்முடன் வருமாறு நம்மை அழைத்தனர்.

அவர்கள் தேடிச் செல்வது ஆவுளியாவை என்றறிந்ததும் பழைய நினைவொன்று நெஞ்சை உறுத்தியது. நமக்குப் பத்து வயதிருக்கும். கடலோர ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், ஓலைக் கொட்டானில் இறைச்சி கொண்டுவந்தார். "ஆவுளியாக் கறி, பிள்ளைக்குக் கொடுங்கள், உடம்புக்கு நல்லது" என்றார். அம்மா சமைத்தார்; நாம் மறுமுறையும் கேட்டு வாங்கி உண்டோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது.

அறந்தாங்கி வழியாகச் சென்று, மணமேல்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் விடியற்காலையில் நாட்டுப்படகு ஏறினோம். ஆய்வாளர்கள் வழிநெடுகப் பாடம் சொன்னார்கள். கடற்பசு எனப்படும் ஆவுளியா மீன் அன்று; பாலூட்டி. யானைக்கு உறவு. ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் வளரும். கடற்புல்லே அதன் உணவு. மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி இறந்துவிடும். ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆதலின் ஒன்றை இழந்தால் ஈடுசெய்வது எளிதன்று. இதன் இனத்தைச் சேர்ந்த வடகடல் பெரும்பசு ஒன்று 1741இல் அறிஞர் கண்ணிற் பட்டு, 27 ஆண்டுகளுக்குள் வேட்டையால் அடியோடு அழிந்தது என்று கேட்டபோது திடுக்கிட்டோம்.

படகைச் செலுத்திய பெரியவர் அதுவரை பேசவில்லை. "நானும் அறுத்திருக்கிறேன், சார்" என்றார் மெதுவாக. "ஒருமுறை கன்று வலையில் சிக்கியது. தாய் இருட்டும்வரை படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு என் கை ஓடவில்லை." நாமும் உண்ட கதையை அவரிடம் சொன்னோம். "அன்று அறியாமல் செய்தோம். இன்று அறிந்தும் செய்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்" என்றார் அவர்.

நண்பகல் வரை காத்திருந்தும் ஆவுளியா நமக்குத் தென்படவில்லை. ஆய்வாளர் ஒருவர் நீருள் மூழ்கி எழுந்து, கண்ணாடி ஒன்றைத் தந்து கீழே பார்க்கச் சொன்னார். பச்சைப் புல்வெளியின் நடுவே மணல் தெரிய ஒரு நீண்ட தடம் வளைந்து சென்றது. மேய்ந்து போன வழி அது. அறுவடை முடிந்த வயலில் மாடு மேய்ந்த சுவடு போலவே இருந்தது. அருகே இறால் குஞ்சுகள் துள்ளின. கடற்புல் செழித்தால் மீனும் இறாலும் பெருகும். இழுவலை அதை வேரோடு அரித்தால் மீனவர் உலையே வற்றும் என்பது அத்தடத்தின் அருகேதான் நமக்குப் புரிந்தது.

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிருடன் விடுவித்த மீனவர்களுக்குப் பரிசும் வழங்கப்பட்டுள்ளது. எனினும் நள்ளிரவில், யாரும் காணாத கடலில், வலையை அறுத்து விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த மீனவரே. அறுபடும் வலை அவருடைய பிழைப்பு.

கரையேறியதும் பெரியவரிடம் படகுக்கூலிக்கு மேல் சிறிது கொடுக்க முயன்றோம். அவர் பெற்றுக்கொள்ளவில்லை. "பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அவர்களுக்கு அந்தத் தடத்தைக் காட்டுவோம்" என்றார். மாணவச் செல்வங்களே, அவ்வழைப்பை உங்களிடம் சேர்ப்பிக்கவே இதனை எழுதினோம்.