மேட்டு நிலத்துக்கு ஏற்ற விசிறி

ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரரை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாகலூர் ரோட்டைப் பிடியுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கொஞ்ச தூரம் வரை பட்டறைகளும் தொழிற்சாலைகளும் உங்களை விடாமல் துரத்தி வரும். பிறகு கோஸும் தக்காளியும் விளையும் தோட்டங்கள், ரோஜாப் பூக்களுக்காகப் போட்ட பிளாஸ்டிக் கூரைப் பந்தல்கள். அதையும் தாண்டிப் போனால் கர்நாடகம் வந்துவிடும்.

பாகலூர்க் கடைவீதியில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கடைக்காரர் ஒருவரிடம் தெலுங்கில் பேசுவார். அடுத்தவரிடம் கன்னடத்தில் பேசுவார். உங்களிடம் திரும்பித் தமிழில் விலை சொல்வார். விலை மட்டும் மூன்று பாஷையிலும் ஒன்றுதான்!

இந்த ஊர்க் காற்று ஜில்லென்று இருக்கிறதே, ஏன் தெரியுமா? நீங்கள் கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி மேலே நிற்கிறீர்கள். வீடு கட்டுகிறவருக்கும் ரோஜா வளர்க்கிறவருக்கும் இது சௌகரியமான விஷயம். ஆனால் விமானம் கட்டுகிறவருக்கோ யோசிக்க வேண்டிய விஷயம்.

"பாகலூரில் விமானமா?" என்று கேட்பீர்கள். இந்தச் சீமைக்கு விமானம் புதிதல்ல. ஓசூரிலிருந்து தளி போகும் ரோட்டில் பேளகொண்டப்பள்ளி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற தனியார் கம்பெனி, சொந்த ஓடுபாதையுடன் ஒரு தொழிற்சாலையை அமைத்தது. இத்தாலியில் வடிவமைத்த பி-68 என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை 1990-களில் அங்கே கட்டினார்கள். பெங்களூர் தேசிய விமான ஆய்வுக்கூடம் வடிவமைத்த ஹன்ஸா-3 என்ற இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானங்களும் அங்கே உருவாயின. 2024 ஜூன் மாதம், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஒரு பெரிய விமான நிலையம் வரும் என்று தமிழக அரசு சட்டசபையில் அறிவித்தது. அதற்கு இடம் தேடியபோது பாகலூர், பேரிகைப் பக்கமும் பேச்சில் அடிபட்டது.

ஆகவே, இந்த ஊரில் பட்டறை வைத்திருக்கும் உங்கள் தம்பியோ அண்ணன் மகனோ, "நானே ஒரு குட்டி விமானம் கட்டப் போகிறேன்" என்று கிளம்பினால் சிரித்துவிடாதீர்கள். 1910-ம் வருஷத்திலேயே சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியாரின் துணையோடு ஒரு விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறக்க விட்டார். பம்பாயில் ஒரு விமானி, தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே விமானம் கட்டி, 2017-ல் அதை அரசாங்கத்தில் பதிவும் செய்துகொண்டார்.

உடலும் இறக்கையும் தயார், எஞ்சினும் வந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். கடைசியாக மூக்கில் மாட்ட வேண்டியது விசிறி. 'புரொப்பெல்லர்' என்கிறார்களே, அதுதான். பார்வைக்கு நம் வீட்டுக் கூரையில் சுற்றும் மின்விசிறிக்குத் தங்கை மாதிரி இருக்கும். ஆனால் இதைத் தேர்ந்தெடுப்பதில் ஏமாந்தால், ஓடுபாதையின் கோடியில் நிற்கும் தைல மரத்துக்கு மேலே போக வேண்டிய விமானம், மரத்துக்குள்ளேயே போய்விடும்.

விசிறியில் முதலில் பார்க்க வேண்டியது, அலகின் திருப்பம். உங்கள் காதுத் தோட்டின் திருகாணியை நினைத்துப் பாருங்கள். புரி நெருக்கமாக இருந்தால் ஒரு சுற்றுக்குக் கொஞ்சமே உள்ளே போகும். ஆனால் இலேசாகத் திருகலாம். புரி அகலமாக இருந்தால் ஒரே சுற்றில் அதிகம் போகும். திருகுவதற்குத்தான் விரல் வலிக்கும். விசிறியும் காற்றுக்குள் போகும் ஒரு திருகாணிதான். ஒரு சுற்றுக்கு 1 மீட்டர் முன்னேறும் விசிறி, நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றினால், கணக்குப்படி மணிக்கு 144 கிலோமீட்டர் போக வேண்டும். காற்று மரக்கட்டை இல்லையே, கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும்.

திருப்பம் அதிகமான விசிறி, மேலே போனபின் வேகம் கொடுக்கும். தரையிலிருந்து எழும்பத் திணறும். திருப்பம் குறைந்த விசிறி சுருக்கென்று எழும்பும். மேலே போனபின் நிதானமாகத்தான் போகும். மலைப் பாதையில் லாரி டிரைவர் போடும் முதல் கியரும், சமவெளியில் போடும் கடைசிக் கியரும் போல.

பாகலூருக்கு எது பொருத்தம்? இங்கேதான் அந்த 3,000 அடி வருகிறது. கெட்டித் தயிரில் மத்தைப் போட்டுக் கடைந்தால் வெண்ணெய் திரள்கிறது. நீர்மோரில் போட்டுக் கடையுங்கள். மத்து இலேசாகச் சுற்றும், கைக்கு வேலை குறைவு, ஆனால் வெண்ணெய் ஏது? கடற்கரைக் காற்று தயிர் என்றால் மேட்டு நிலத்துக் காற்று மோர். 3,000 அடியில் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவிகிதம் குறைந்துவிடுகிறது. விசிறிக்குப் பிடிமானம் குறைகிறது. அதே காற்றைச் சுவாசிக்கும் எஞ்சினுக்கும் பலம் குறைகிறது. இறக்கைக்கும் தூக்கும் சக்தி குறைகிறது. சித்திரை வெயிலில் 33 டிகிரி அடிக்கும் மத்தியானம், அதே பாகலூர்க் காற்று 6,000 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடும். ஏற்காட்டையும் தாண்டிய உயரம்! பல்லாவரத்தில் பறந்த டி ஏஞ்சலிஸுக்கு இந்தக் கவலை இல்லை.

பெரிய விஞ்ஞானிகளும் இதைச் சோதித்துத்தான் நம்புகிறார்கள். ஹன்ஸாவின் புதிய வடிவம் 2021 செப்டம்பரில் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. அதுவும் சுமார் 3,000 அடி உயரத்து ஊர்தான். அங்கே ஒழுங்காகப் பறந்தால் போதாதென்று, 2022 பிப்ரவரியில் அதைப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். கடல் மட்டத்தில் அது எப்படி ஏறுகிறது, எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது என்றெல்லாம் மார்ச் 5 வரை சோதித்துவிட்டுத் திரும்பினார்கள்.

பழைய ஹன்ஸா-3 இந்தத் தொல்லையை வேறு விதமாகச் சமாளித்தது. காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் டர்போ ஏற்பாடும், பறக்கும்போதே திருப்பத்தை மாற்றிக்கொள்ளும் விசிறியும் அதற்கு உண்டு. ஆனால் அத்தகைய விசிறிக்கு விலையும் அதிகம், எடையும் அதிகம், பராமரிப்பும் அதிகம். சொந்தப் பணத்தில் கட்டுகிறவருக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: தரையில் நிற்கும்போது ஸ்பானர் கொண்டு அலகுகளைத் திருப்பி வைக்கக்கூடிய விசிறி. பாகலூரில் எழும்புவதற்கு ஏற்றபடி திருப்பத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

நீளம்? நீளமான அலகு அதிகக் காற்றைப் பிடிக்கும். ஆனால் தரையில் தட்டக்கூடாது. நுனியின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கவும் கூடாது. நெருங்கினால் இரைச்சல் கூடும், இழுவை குறையும். 1.7 மீட்டர் விசிறி நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும்போது, நுனி விநாடிக்கு ஏறக்குறைய 214 மீட்டர் போகிறது. ஒலி சுமார் 340 மீட்டர். இவ்வளவு இடைவெளி போதும்.

மர விசிறி இலேசானது, அதிர்வைத் தாங்கும். ரைட் சகோதரர்கள் 1903-ல் பறந்ததும் கையால் செதுக்கிய மர விசிறிகளால்தான். ஆனால் மரம் மரம்தான். மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கதவு ஊதிக்கொண்டு சாத்த மறுக்கிறதே, வெயில் வந்ததும் இளகிவிடுகிறதே, அதே குணம் இதற்கும் உண்டு. பருவம் மாறும்போதெல்லாம் போல்ட்டுகளின் முறுக்கைச் சரிபார்க்க வேண்டும். அலுமினியத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்; அது விரிசலாக வளரும். கார்பன் இழை விசிறி இலேசானது, உறுதியானது. பணப்பைதான் கனமாக இருக்க வேண்டும்.

மாட்டிய பிறகு ஒரு பரீட்சை பாக்கி. விமானத்தை அசையாமல் கட்டிவைத்து, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிச் சுற்றுகளை எண்ண வேண்டும். உதாரணமாக, சிறு விமானங்களுக்குப் பிரசித்தமான 100 குதிரைச் சக்தி ரோட்டாக்ஸ் எஞ்சின், தொடர்ந்து 5,500 சுற்று வரை ஓடலாம். 5,800 சுற்று 5 நிமிஷம்தான். இடையே உள்ள பற்சக்கரங்கள் இந்தச் சுற்றைக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கும். எஞ்சின் எண்ணிக்கை மிகவும் குறைந்தால் திருப்பம் அதிகம்; எல்லையைத் தாண்டினால் திருப்பம் போதாது. ஸ்பானரை எடுத்து மறுபடியும் திருத்த வேண்டியதுதான். சிவில் விமானத் துறையின் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகையால், உங்கள் வீட்டுப் பிள்ளை வழவழவென்று ஒரு விசிறிப் படத்தைக் காட்டி, "இது மணிக்கு 200 கிலோமீட்டர் போகும் அக்கா!" என்று குதித்தால், மூன்றே கேள்விகள் கேளுங்கள். எந்த எஞ்சினுக்கு? எவ்வளவு நீள ஓடுபாதைக்கு? சித்திரை மாதத்து மத்தியானத்தில் எந்த ஊரிலிருந்து எழும்ப? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னால் பையன் விஷயம் தெரிந்தவன்தான். தைரியமாகக் காப்பி போட்டுக் கொடுத்துக் கணக்கைத் தொடரச் சொல்லுங்கள்!