போயிட்டு வரேன்

என் அக்கா மகன் அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் இருக்கிறான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், பையனின் ஸ்கூல் டைம்டேபிளுக்கும் பீட்ஸா கூப்பனுக்கும் நடுவே, ஒரு காகிதத்தைக் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஐந்தே வரிகள். எந்தக் கழி. எங்கே படகை இறக்குகிறான். எத்தனை மணிக்குக் கிளம்பினான். எத்தனை மணிக்குக் கரையேறி போன் பண்ணுவான். கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: 'இந்த நேரத்தைத் தாண்டினால் 911.' ஓரத்தில் எட்டு வயசுப் பையன் ஒரு மீன் வரைந்திருந்தான். உடம்பை விடப் பல் பெரிசு.

நான் போனது ஜனவரியில். சென்னையிலிருந்து புத்தியுள்ளவர்கள் ஏப்ரலில் போவார்கள், செர்ரிப் பூ பார்க்க. எனக்கு ஜனவரியில்தான் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. முதல் நாள் காலை காபிக்குப் பால் எடுக்கப் போனபோது இந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

"என்னம்மா இது? யாருக்கு 911?"

"உங்க மருமகனுக்குத்தான் மாமா. மீன் பிடிக்கப் போறாரே, அதுக்கு" என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

வாஷிங்டனிலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் அனாபொலிஸ். மேரிலாண்டின் தலைநகரம். செவர்ன் ஆறு அங்கேதான் செசபீக் விரிகுடாவில் சேர்கிறது. சேருகிற முனையில் 1845ல் தொடங்கிய அமெரிக்கக் கடற்படை அகாடமி இருக்கிறது. பெயர்தான் ஆறு. விரிகுடாவின் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி, நல்ல தண்ணீரோடு கலந்து, உப்பும் இல்லாமல் சப்பும் இல்லாமல் நிற்கிறது. ஆற்றின் இரண்டு பக்கமும் விரல் விட்ட மாதிரி சின்னச் சின்னக் கழிகள். நம் பக்கத்து உப்பங்கழிதான், ஆனால் கரையில் தாழைக்குப் பதில் ஓக் மரமும் பணக்கார வீடும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மரப்பலகைத் துறை தண்ணீருக்குள் நீண்டிருக்கும். கோடையில் அந்த இடமே திருவிழா. ஜனவரியில் ஒரு ஈ காக்காய் கிடையாது.

அந்த நேரம் பார்த்து அங்கே வேட்டைக்குக் கிளம்புகிற மீன் பிக்கரல்.

தமிழில் அதற்குப் பெயர் கிடையாது. நம் சீலா மீனுக்கு வாத்தின் மூக்கை ஒட்டவைத்தால் எப்படி இருக்கும், அப்படி. பச்சையும் பொன்னும் கலந்த உடம்பு. அதன்மேல் கரும்பச்சையில் சங்கிலி சங்கிலியாக ஒரு கோலம். அதனால் செயின் பிக்கரல் என்று முழுப்பெயர். கண்ணுக்குக் கீழே மை வழிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில் பின்னால் தள்ளி இருக்கும். இது துரத்திப் போய்ப் பிடிக்கிற ஜாதி இல்லை. விழுந்து கிடக்கும் மரத்தடியிலோ, துறையின் நிழலிலோ, ஆடாமல் அசையாமல் நிற்கும். சின்ன மீன் ஏதாவது தாண்டினால், அம்பு மாதிரி ஒரே பாய்ச்சல். பல்லில் மாட்டினால் சாதாரண நரம்பு அறுந்துபோகும்.

மற்ற மீன்கள் குளிரில் சோம்பிக் கிடக்கும்போது இதற்குப் பசி அடங்குவதில்லை. இதுவரை பிடித்ததிலேயே பெரியது 1961ல் ஜார்ஜியா மாநிலத்தில் கிடைத்தது. 9 பவுண்டு 6 அவுன்ஸ், நாலே கால் கிலோ. என் மருமகனுக்குக் கிடைப்பதெல்லாம் முழங்கை நீளம். அதையும் அவன் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. சதைக்கு நடுவே ஒய் எழுத்து மாதிரி கவட்டை முள். எடுத்து மாளாது. தூண்டிலைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறான்.

இதை மதுரையில் இருக்கும் என் அக்காவால் ஜீரணிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், "ஏண்டா, திரும்ப விடறதுக்கா அந்தப் பனியில போய் சாகறே?" என்று கேட்டாள்.

சாகிற பேச்சு எடுத்தது அவன் மனைவிக்குப் பிடிக்கவில்லை. சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு நாள் அவன் தண்ணீரில் விழுந்திருக்கிறான். கயாக் என்பது எஸ்கிமோக்கள் என்று நாம் பாடத்தில் படித்த இனுயிட் மக்கள் கண்டுபிடித்த படகு. கட்டையாலும் எலும்பாலும் சட்டம் கட்டி சீல் தோலைப் போர்த்தி அவர்கள் செய்தார்கள். பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான், கேட்டமரான் என்ற வார்த்தை நம் கட்டுமரத்திலிருந்து போன மாதிரி. இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். துடுப்பு போடுவதற்கு சத்தமே வராது. மீன் அறியாமல் அதன் வாசல் வரை போகலாம். அதுதான் அதன் சிறப்பு. ஆனால் ஒரு பக்கமாக அளவுக்கு மீறி சாய்ந்தால் மன்னிக்காது.

விழுந்த மரத்தில் தூண்டில் சிக்கியிருக்கிறது. எடுக்க சாய்ந்தவன் உள்ளே போய்விட்டான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். ஆனால் உள்ளே ஜீன்ஸும் ஸ்வெட்டரும்தான். தண்ணீர் 4 டிகிரி. கரை நாற்பது அடி.

"நாற்பது அடிதானேன்னு நினைப்பீங்க மாமா. முதல்ல மூச்சே என் பேச்சைக் கேக்கல. நாய் மாதிரி இளைக்குது. நிறுத்த முடியல. அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்திருந்தா அவ்வளவுதான்."

கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்று ஒரு பேராசிரியர். குளிர்ந்த தண்ணீரில் மனித உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்கத் தன்னையே பல முறை ஐஸ் தண்ணீரில் இறக்கிக்கொண்டவர். அவர் சொல்லிக் கொடுக்கும் கணக்கு 1-10-1. விழுந்ததும் ஒரு நிமிஷம், மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த பத்து நிமிஷம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை ஆகும். குளிர் தண்ணீரில் விழுந்தவர்கள் விறைத்துச் செத்துப்போவதாக நாம் நினைக்கிறோம். பல பேர் விறைப்பதற்கு வெகு முன்பே, முதல் நிமிஷத்தில் தண்ணீரைக் குடித்தோ, பத்து நிமிஷத்துக்குப் பிறகு நீந்த முடியாமலோ போய்விடுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் நவம்பர் 1லிருந்து மே 1 வரை சின்னப் படகில் போகிறவர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம். பென்சில்வேனியாவில் 2012லிருந்து இதே மாதிரி சட்டம் இருக்கிறது.

எப்படியோ கரை சேர்ந்துவிட்டான். கார் பக்கத்தில்தான் நிற்கிறது. சாவி ஜிப் போட்ட பாக்கெட்டில். விரல்கள் ஜிப்பைப் பிடிக்கவே இல்லை. கடைசியில் குனிந்து பல்லால் கடித்து இழுத்துத் திறந்தானாம். காரில் ஹீட்டரைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒண்ணும் சிக்கல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான்.

நாலு நாள் கழித்து சேற்று வாடை அடிக்கும் ஸ்வெட்டரை அவள் கண்டுபிடித்தாள். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது.

"விழுந்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல மாமா" என்றாள் என்னிடம். "அந்த நாலு நாளும் நான் சிரிச்சுப் பேசிட்டு இருந்தேன் பாருங்க, அதுக்குத்தான்."

போகக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. இரண்டு நிபந்தனைகள் போட்டாள். ஒன்று, தண்ணீர் புகாத டிரை சூட். அதற்கு ஆயிரம் டாலர் வரை ஆனது. இரண்டாவது, இந்தக் காகிதம்.

ஒரு நாள் காற்றே இல்லாமல் வெயில் அடித்தது. அவன் நண்பரிடமிருந்து இரண்டு பேர் உட்காரும் கயாக்கும் எனக்கு ஒரு டிரை சூட்டும் இரவல் வாங்கி வந்தான். அந்த சூட்டின் கழுத்து ரப்பர் வழியாகத் தலையை நுழைத்தபோது, மறுபடி பிறந்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் அழவில்லை, அவ்வளவுதான். காகிதத்தில் அவள் என் பெயரையும் சேர்த்து எழுதினாள். அமெரிக்காவில் என் பெயர் எழுதி ஒட்டப்பட்ட ஒரே இடம் அந்த ஃப்ரிட்ஜ்.

எனக்கு லைசென்ஸ் இல்லாததால் தூண்டிலைத் தொடவில்லை. வேடிக்கை பார்த்தேன். துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் படகில் விழுந்து கண்ணாடியாக உறைந்தது. அவன் ஒரு துறையின் நிழலுக்குள் தூண்டிலை வீசி, தூங்குகிற குழந்தையின் விரலைப் பிரிக்கிற மாதிரி மெதுவாக இழுத்தான். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் வற்றத் தொடங்கி மெல்ல நகர ஆரம்பித்த பிறகுதான், நரம்பு ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. படகுக்குப் பக்கத்தில் வந்தபோது பார்த்தேன். வெயிலில் அந்தச் சங்கிலிக் கோலம் பட்டுப் புடவைக் கரை மாதிரி மின்னியது. இடுக்கியால் கொக்கியைக் கழற்றினான். கையை எடுத்ததும் ஒரு வினாடி அப்படியே நின்று எங்களைப் பார்த்துவிட்டு, காணாமல் போனது.

அவன் முகத்தைப் பார்த்தேன். அக்காவுக்கு இனி என்னால் பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது. என்ன பதில் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் தனியாகப் போனான். முந்தின ராத்திரி முழுக்க வடமேற்குக் காற்று வீசி, காலையில் சற்று அடங்கியிருந்தது. காகிதத்தில் 12.30க்கு போன். சிவப்பு மையில் 1.30.

12.30க்கு போன் வரவில்லை. 12.45க்கு அவள் கூப்பிட்டாள். ரிங்கே போகவில்லை. நேராக வாய்ஸ் மெயில். மறுபடி கூப்பிட்டாள். காற்று மறுபடி ஆரம்பித்து ஜன்னல் விசில் அடித்தது. ஒரு மணிக்குப் பையனுக்குச் சாதம் போட்டாள். எனக்கும் போட்டாள். தான் உட்காரவில்லை.

"இப்பவே கூப்பிட்டுடலாமேம்மா" என்றேன்.

"ஒண்ணரைக்கு முன்னாடி கூப்பிட்டா நான் பயந்தாங்கொள்ளி மாமா. ஒண்ணரைக்கு மேல கூப்பிடலைன்னா முட்டாள். நாங்க பேசிதான் எழுதினது."

1.10. பையன், "தாத்தா, அப்பா பெரிய மீன் பிடிச்சிருப்பார், அதான் லேட்" என்றான். 1.15. அவள் அந்தக் காகிதத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து, பக்கத்தில் போனை வைத்தாள். கழியின் பெயரை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், தடுமாறாமல் சொல்ல. நான் அறுபது வருஷமாகக் கடிகாரம் பார்க்கிறேன். நிமிஷ முள் நகர்வதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

1.22க்கு போன் அடித்தது.

"கார்ல இருக்கேன். போன் குளிர்ல செத்துப்போச்சு. இப்பத்தான் சார்ஜ்ல போட்டேன்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு சிங்க்கில் இருந்த ஒரே ஒரு தட்டை ரொம்ப நேரம் கழுவினாள்.

அனாபொலிஸில் கடல் ஏறி இறங்குவது சாதாரண நாளில் ஓரடிதான். ஆனால் வடமேற்குக் காற்று விடாமல் அடித்தால் விரிகுடாவின் தண்ணீரையே தெற்கே தள்ளிவிடும். கழிகளில் இரண்டு மூன்று அடி கூடக் குறைந்துவிடும். இவன் உள்கோடிக்குப் போய்விட்டான். திரும்பினால், வந்த வழியில் தண்ணீர் இல்லை. வெறும் சேறு. இறங்கினால் முழங்கால் வரை உள்ளே போகிறது. ஒரு காலைப் படகில் வைத்து, ஒரு காலால் சேற்றை உதைத்து உதைத்து ஆழமான இடத்துக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது. டிரை சூட் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை வாசலில் நின்றபடியே நடந்ததை முழுக்கச் சொன்னான். நாலு நாள் தள்ளவில்லை.

மறுநாள் ஃப்ரிட்ஜில் காகிதம் திரும்ப ஏறியிருந்தது. அவள் கையெழுத்தில் ஆறாவதாக ஒரு வரி: 'காற்று எந்தப் பக்கம்?'

நாம் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வரேன்' என்போம். வாசலில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அதில் ஒரு வாக்குறுதி இருப்பது உறைக்காமலே. அந்தக் காகிதமும் 'போயிட்டு வரேன்'தான். கூட ஒரு மணிக்கணக்கு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சென்னை திரும்பிய பிறகு ஒரு நாள் மாலை பெசன்ட் நகர் பீச்சுக்கு வாக்கிங் கிளம்பினேன். மனைவி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வரேன். ஏழே காலுக்கு வந்துடுவேன்" என்றேன்.

டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன், உடம்பு ஏதாவது பண்ணுதா?"